துந்திரா நிலத்தை வரைபடமாக்குவது: கேட்டவைக்குப் பதில்கள்

பினாங்கில் 18 ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் படங்களை வகைப்படுத்தி வருகிறேன். செம்பனைத் தோட்டங்களில் தொடங்கிய வேலை. இப்போது பாதி நாள் அலாஸ்காவின் துந்திராப் படங்களில் கழிகிறது. மரம் வளராத குளிர்ப் பிரதேச நிலம் அது.

செந்தூல் மாணவி: ஐயா, மரமே இல்லாத நிலம்தானே? காட்டைவிட எளிதல்லவா?

இல்லை மகளே, சிக்கலே அங்குதான். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பூப்பந்து (பேட்மிண்டன்) திடலைவிடச் சற்றுப் பெரிது. செம்பனைத் தோட்டத்தில் அந்த இடத்தை ஒன்றிரண்டு மரங்களின் மட்டைகளே மூடிவிடும். துந்திராவிலோ அதற்குள் பருத்திப்புல் குத்துகள், இடையில் தேங்கிய நீர், ஈரப் பாசி, குட்டையான பிர்ச் புதர், வெளிறிய லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்) எல்லாம் கலந்து கிடக்கும். ஓரடி தள்ளிக் கால் வைத்தால் செடி மாறிவிடும். அத்தனைக்கும் சேர்த்துப் படம் தருவது ஒரே நிறம். ஆகவே ‘இது புதர்’ என்று பெயர் ஒட்டுவதைவிட, புதர் எத்தனை விழுக்காடு, லைக்கன் எத்தனை விழுக்காடு என்று கணிப்பதையே நான் விரும்புகிறேன்.

பட்டர்வொர்த் வாசகர்: பசுமைக் குறியீடு குறைந்தால் வெற்று நிலம் என்று கொள்ளலாமா?

கூடாது. பசுமைக் குறியீடு என்பது தரையில் பச்சை இலை எவ்வளவு என்று படத்திலிருந்து கணக்கிடும் எண். லைக்கன் அடர்ந்த தரையிலும் அந்த எண் குறைவாகவே வரும். ரெயின்டீர் மான்கள் பனிக்காலத்தில் பனியைக் குளம்பால் தோண்டித் தின்பது அதைத்தான். அதைப் பாறை என்று குறித்தால் மேய்ச்சல் நிலமே வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். வெளிர்மஞ்சள் லைக்கன்கள் நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். நீல அலைவரிசையைத் தனியாகப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: அங்கும் மேகத் தொல்லை உண்டா?

நிறையவே. செடிகள் முழுப் பசுமையோடு இருப்பதும் ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும்தான். துருவத்தை நெருங்க நெருங்கச் செயற்கைக்கோள் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் படங்கள் அடிக்கடி கிடைக்கும். பல ஆண்டுப் படங்களைச் சேர்த்து மேகமில்லாத ஒன்றை உருவாக்கலாம்.

கெலுகோர் மாணவர்: என் வகைப்பாட்டுக்கு 96 விழுக்காடு துல்லியம் வந்தது. போதுமா, ஐயா?

சோதனைப் புள்ளிகளை எங்கிருந்து எடுத்தீர்கள், தம்பி? கணினிக்குப் பயிற்சி தர எடுத்த அதே திட்டிலிருந்து எடுத்திருந்தால், விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதற்குச் சமம். தள்ளியிருக்கும் வேறு இடங்களில் சோதியுங்கள். என் முதல் வரைபடத்தில், செபராங் பிறையில் ஒரு பெரிய பரப்பை ‘அழிக்கப்பட்ட நிலம்’ என்று குறித்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் இலையுதிர்த்த ரப்பர் மரங்கள், காலடியில் சருகு மெத்தை. படம் பிப்ரவரியில் எடுத்தது. அன்றுமுதல் தரையைப் பார்க்காத எண்ணை நான் நம்புவதில்லை.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்: இதனால் நமக்கு என்ன, ஐயா?

துந்திராவின் பல பகுதிகளில் புதர்கள் உயர்ந்து பரவுகின்றன. அவை பனியைத் தேக்கிவைப்பதால் குளிர்காலத்தில் அடிமண் போர்வை போர்த்தியதுபோல் கதகதப்பாகிறது. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண் உருகினால் அதில் புதைந்திருக்கும் கார்பன் காற்றில் கலக்கும். அந்தக் காற்று நமக்கும் பொதுதானே, ஐயா? எந்தப் புதர் எங்கே பரவியது என்று சொல்ல, பழைய நிலையின் வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

செந்தூல் மாணவி மீண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

2003-இல் வந்த ஆர்க்டிக் வட்டத் தாவர வரைபடத்திலிருந்து. 2019-இல், நிலத்தை 1 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்த அதன் புதிய வடிவம் வந்தது. வெற்று நிலம், புல்வெளி, படர்புதர், நிமிர்புதர், ஈரநிலம் என்ற அதன் ஐந்து பெரும் பிரிவுகளை முதலில் மனத்தில் பதியுங்கள். பிறகு லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களை எடுங்கள். 2008 முதல் அவை இலவசம். ஒரே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு போதும், முழு ஆர்க்டிக் வேண்டாம்.