கேளுங்கள், சொல்கிறோம்: மீன் உற்பத்தியில் முதலிடம் யாருக்கு?

என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். மீன் உற்பத்தியில் முதலிடம் ஆந்திரா என்கிறது ஒரு கையேடு. இன்னொன்றில் குஜராத், வேறொன்றில் கேரளா. எதை எழுதுவது?
- வாசகி, பெரம்பூர்

கேள்வியில் 'கடல்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆந்திராதான், தயங்கவே வேண்டாம். 2022-23ல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 175 லட்சம் டன். அதில் ஆந்திரா மட்டும் 51 லட்சம் டன் அளவில். இரண்டாமிடத்தில் உள்ள மேற்கு வங்கம் 20 லட்சம் டன்னை ஒட்டி நிற்கிறது. நாட்டின் மீனில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்று கடலிலிருந்து வருவதில்லை. குளம், ஏரி, ஆறு, இறால் பண்ணை இவற்றிலிருந்துதான் வருகிறது. ஆந்திராவின் பலமும் அங்கேதான்.

கடல் மீன் என்று கேட்டால் ஆண்டைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2019ல் தமிழ்நாடு முதலிடம் (7.75 லட்சம் டன்), 2023ல் கேரளா, 2024ல் குஜராத். உங்கள் மகளின் கையேடுகள் வெவ்வேறு ஆண்டுகளைப் பார்த்து எழுதியிருக்கலாம். மாநில மீன்வளத் துறைகள் தரும் கடல் மீன் கணக்கு தனி. அது இந்த நிறுவனத்தின் மதிப்பீட்டோடு அப்படியே ஒத்துப்போகாது.

வரிசை ஏன் இப்படி மாறுகிறது? ஒரே ஒரு மீனின் ஏற்ற இறக்கம் போதும். கேரளத்தில் மத்தி, அதாவது நம் ஊர் கவலை மீன், 2012ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021ல் வெறும் 3,297 டன். தென்மேற்குப் பருவக்காற்றில் அடிக்கடல் நீர் சத்தோடு மேலே வந்தால்தான் மத்திக்குத் தீனி. குஜராத்துக்கு அகலமான கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பரப்பு, ஒரு வரம். வேராவல், போர்பந்தர் விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி வலை இழுக்கின்றன.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மீன் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறதோ அந்த மாநிலக் கணக்கில்தான் ஏறும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்களில் பலர் கொச்சியில்தான் மீனை இறக்குகிறார்கள். உழைப்பு குமரிக்காரருடையது, டன் கேரளத்துடையது. பட்டியலில் தமிழ்நாடு ஓர் இடம் இறங்கிவிட்டது என்றதும் நம் மீனவர் திறமை குறைந்துவிட்டதாகப் பேசுவது தவறு.

சிந்தாதிரிப்பேட்டையில் 'ஏரி வவ்வால்' என்று விற்கிறார்களே, அது எந்த ஊர் மீன்? வவ்வால்தானா?
- வாசகர், புதுப்பேட்டை

வவ்வால் இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த வளர்ப்பு மீன், ரூப்சந்த் என்பது சந்தைப் பெயர். ஆந்திரக் குளங்களில் நிறைய வளர்க்கிறார்கள். ஐஸ் போட்டு ராத்திரி லாரியில் ஏற்றினால் விடிவதற்குள் சென்னை. உதட்டை விரலால் விலக்கிப் பாருங்கள்: மனிதப் பல் போல வரிசையாகப் பல் தெரியும், வயிறு சிவந்திருக்கும். கடல் வவ்வாலுக்கு வாய் மிகச் சிறியது, வயிற்றுத் துடுப்பு கிடையாது. சாப்பிடக் கூடாத மீன் அல்ல. கடல் வவ்வால் விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

திருவள்ளூர் அருகே ஒரு ஏக்கர் குட்டை இருக்கிறது, போர்வெல் உண்டு. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் செய்வது போல நானும் கெண்டை வளர்க்க முடியுமா?
- வாசகர், அம்பத்தூர்

முடியும். ஆனால் அவர்களுக்கு எது கைகொடுத்தது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கிருஷ்ணா, கோதாவரி இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்காத களிமண், வருஷத்தில் பெரும்பகுதி கால்வாய்த் தண்ணீர், பக்கத்திலேயே அரிசி ஆலைத் தவிடு. கைகலூர், ஆகிவீடு பக்கம் தீனியை வாரி இறைப்பதில்லை. எண்ணெய் நீக்கிய தவிட்டையும் புண்ணாக்கையும் உரச்சாக்கில் நிரப்பி, சாக்கில் துளை போட்டு, வரிசையாக நட்ட கம்புகளில் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன் துளையில் வாய் வைத்து இழுத்துத் தின்னும். பிறகு சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மிச்சம் தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாள் தீனியைக் குறைக்க வேண்டும். இந்த ஒன்றை நீங்களும் அப்படியே செய்யலாம்.

முதலில் குட்டையை வற்றவிட்டு அடிமண் வெடிக்கும்வரை காயவிடுங்கள். ஒரு விரால் மிஞ்சினாலும் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். வற்றவிட முடியாதென்றால் இலுப்பைப் புண்ணாக்கு: ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்கு ஆயிரம் கிலோ. அதன் நஞ்சு தெளிய மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு 100 கிலோ. ஒரு வாரம் கழித்துச் சாணம் ஒரு டன். தண்ணீர் ஐந்தடிக்குக் குறையக் கூடாது.

மூன்று கெண்டை வகைகளிலும் சேர்த்து, மூன்று நான்கு அங்குலக் குஞ்சு 2,000 போதும்: கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். ஒரே இனமாக 2,000 விட்டால் மற்ற மட்டத்துத் தீனி வீண். குஞ்சுப் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்ட பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் சூடு மாறிய அதிர்ச்சியிலேயே செத்துப்போகும்.

தீனி, மொத்த மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று. 1,600 மீன் தப்பி, ஒவ்வொன்றும் அரைக் கிலோ என்றால் மொத்தம் 800 கிலோ. நூற்றுக்கு இரண்டு வீதம் அன்றைக்கு 16 கிலோ தீனி. மாதம் ஒருமுறை வலை போட்டு இருபது மீனை நிறுத்துப் பார்க்காமல் இந்தக் கணக்கு நிற்காது.

பெரிய இழப்பு விடியற்காலையில்தான் வரும். பச்சைப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதையே உறிஞ்சும். மணி நான்கு ஐந்துக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே போர்வெல் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள், அன்றைக்குத் தீனி வேண்டாம். முன்கூட்டியே அறிய, கையை முழங்கை வரை தண்ணீரில் நீட்டிப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை மறைந்தால் பச்சை அதிகம், சாணத்தை நிறுத்துங்கள். மேகமூட்டம் போட்ட நாளிலும் தீனி கூடாது.

நம் பக்கம் இன்னொரு ஆபத்து ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரே இரவில் கரை வழிந்தால் வருஷ உழைப்பு பக்கத்து வயலுக்குப் போய்விடும். கரையை முந்தைய ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் இரண்டடி உயர்த்தி, போக்குவாயில் வலை கட்டிவிடுங்கள்.

தடைக்காலத்தில் எந்த வாரம் மீன் விலை மிக அதிகம்?
- வாசகி, ராயபுரம்

பெரும்பாலும் ஜூன் 1 முதல் 14 வரை. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே அது கர்நாடகத்தில் ஜூன் 1ல்தான் தொடங்கும், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில். மே முடியும்வரை கேரளா, மங்களூரு லாரிகள் காசிமேட்டுக்குக் கைகொடுக்கும். பிறகு முதலில் மங்களூரு வரத்து குறையும், ஜூன் 10 முதல் கேரளத்திலும் இழுவலை விசைப்படகு கிடையாது. அப்போது வஞ்சிரத்தை விட்டுவிட்டு, ஃபைபர் படகில் காலையில் கரைக்கு வரும் நெத்திலி, காரப்பொடி வாங்குங்கள். அல்லது ஆந்திரக் கட்லா. செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க மறக்க வேண்டாம்.