வாசகர் கேள்வி: போர்டோ கலவை ஏன் அடியில் தங்குகிறது?

கேள்வி: பூஞ்சண நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்குப் பழைய அளவு 8 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 15 கிலோ சுண்ணாம்பு என்று படித்தேன். இப்போது இரண்டிலும் 1 கிலோ போதும் என்கிறார்கள். எது சரி? நான் கலக்கினால் சீக்கிரமே அடியில் தங்கித் தெளிப்பானின் நாசில் அடைக்கிறது.
- திராட்சை விவசாயி, கம்பம்

பதில்: இரண்டும் சரிதான், தெளிக்கும் கருவிதான் வேறு. 1882இல் பிரான்சின் மெடாக் பகுதியில், பழம் திருடுவோரை விரட்டச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்பதைக் கவனித்தவர் போர்டோ பல்கலைக்கழகத்தின் மில்லார்டே. 1885இல் அவர் வெளியிட்ட அளவு: 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ துத்தம், 30 லிட்டரில் 15 கிலோ நீற்றாத சுண்ணாம்பு. சிறு துடைப்பத்தால் இலைமேல் உதறியதால் கூழாக இருந்தாலும் கவலையில்லை. நாசிலுக்கு அது ஆகாது.

100 லிட்டருக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பு எடுங்கள். துத்தத்தைத் துணியில் கட்டி, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் முதல்நாள் இரவே தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரமே வேண்டும், இரும்பு கூடாது. சுண்ணாம்பைத் தனியே நீற்றி, 50 லிட்டராக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குங்கள். பெரும்பாலும் தவறு இங்கேதான்: சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றினால் துகள் பருத்துச் சீக்கிரம் படியும். சூடாகக் கலந்தாலும், கடையில் காற்றுப்பட்டு நீறிப்போன சுண்ணாம்பை வாங்கினாலும் இதே கதைதான்.

தீட்டிய கத்தியைச் சில நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும்; இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தது வீண்.

கேள்வி: அமெரிக்காவின் பழைய ஆப்பிள் தோட்ட மண்ணில் ஈய ஆர்சனேட் இன்னும் இருக்குமா?
- வாசகி, கோவை

பதில்: இருக்கும். 1892இல் மாசசூசெட்ஸில் ஜிப்சி அந்துப்பூச்சிக்காக வந்த மருந்து, பிறகு ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்குப் பல பத்தாண்டுகள் அடிக்கப்பட்டது. பூச்சி மருந்துக்குப் பழகப் பழகத் தெளிக்கும் தடவை கூடியது. பழத்தில் படிந்ததை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி விற்கும் நிலைகூட வந்தது. டிடிடி பூச்சிக்கொல்லி வந்த பிறகே அது ஓய்ந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் மக்கி அழிவதில்லை, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நிற்கின்றன. பழத்துக்குள் ஏறுவது குறைவு. தூசியும், கேரட் போன்றவற்றில் ஒட்டும் மண்ணும்தான் ஆபத்து. அங்கே பாஸ்பேட் உரத்தை அள்ளிப் போடுவதும் கூடாது. மண் பிடித்திருக்கும் ஆர்சனிக்கை அது விடுவித்துவிடும்.