"அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர்": ஒரு நர்ஸின் கேள்வி பதில்

28 வருடம் வார்டில் நின்ற கால்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், மருந்தளவைத் தவிர.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்றோம். "நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்கிறார் நர்ஸ். இது சரியா?

பதில்: சரிதான். நோயின் பெயரை முதலில் சொல்வது மருத்துவர் வேலை, நர்ஸ் முந்திக்கொள்ளக் கூடாது. அதற்காகப் பொய் சொல்லவும் முடியாது.

ஒருமுறை ராத்திரி 2 மணிக்கு டிரிப்ஸ் மாற்றப் போனேன். பெரியவர் தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் பெயர் இருந்த இடமெல்லாம் நகத்தால் சுரண்டியிருந்தது. "சத்து மாத்திரைக்கு எதுக்கு சிஸ்டர் இவ்வளவு பாடு?" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொண்டால் பையன் உடைந்துபோவான் என்று அவரும் நடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்மதத்தோடு மருத்துவரிடம் சொன்னேன். மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். பையன் அழுதான், அப்பா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

இன்னொன்று: தூங்குகிறார் என்று நினைத்துக் கட்டிலருகே குசுகுசுக்காதீர்கள். பாதிப் பேர் தூங்குவதில்லை.

கேள்வி: மார்ஃபின் அளவைக் கூட்டலாமா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வலி மருந்து மலச்சிக்கல் தரும், அதற்கு மருந்து எழுதியிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

கேள்வி: மாமியாரிடம் மறைக்கலாமா?

பதில்: மேலே உள்ள முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மறுப்பு, கோபம் என்று 5 கட்டங்களாமே? அம்மா கோபத்திலேயே நிற்கிறார்.

பதில்: மனநல மருத்துவர் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்தவர்களிடம் பேசிய பிறகு. அது மாடிப்படி இல்லை. காலையில் சமாதானமாக இருப்பவர் சாயங்காலம் தட்டைத் தள்ளிவிடுவார். 'வேண்டாம்' என்பது ஒன்றுதான் அவர் கையில் மிச்சமிருக்கிறது. எப்போது குளிப்பது, எந்தத் துணி உடுத்துவது என்பதையாவது அவரிடமே விடுங்கள்.

கேள்வி: உண்மையைச் சொன்னால் மனசு விட்டுப்போகும். நீங்கள் ஷிஃப்ட் முடிந்து போய்விடுவீர்கள், நாங்கள்தானே கூட இருக்க வேண்டும்?

பதில்: சுருக்கென்று தைக்கிறது, நியாயமும்தான். ஆனால் சொல்லியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரைக் கேளுங்கள். "எனக்கு வேண்டாம், மகளிடம் பேசுங்கள்" என்றால் அதுவும் அவர் உரிமை.

கேள்வி (அவரே): அப்படிக் கேட்டாலே விஷயம் தெரிந்துவிடாதா?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் முடிவு வருவதற்கு முன்பே, பரிசோதனைக்கு அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும். முடிவு வந்த பிறகு கேட்டால் நம் முகமே சொல்லிவிடும்.

கேள்வி (அவரே): எங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லையே?

பதில்: அது எங்கள் பக்கத்துத் தப்பு. சாக்கு சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் புது நர்ஸ். குடும்பத்துக்காகப் பொய்யாகத் தலையாட்டிவிட்டுத் தூக்கம் வரவில்லை.

பதில்: சரி எது என்று தெரிந்தும் செய்ய விடாமல் கை கட்டப்பட்டிருக்கும் இந்தத் தவிப்புக்கு ஜேமிட்டன் என்ற தத்துவ அறிஞர் 1984இலேயே 'அறத் தவிப்பு' (moral distress) என்று பெயர் வைத்துவிட்டார். உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பொறுப்பு சிஸ்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நோயாளி என்ன கேட்டாரோ, அதை அவர் வார்த்தையிலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அவர் கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

கேள்வி: தாத்தாவிடம் சொல்லாமல்...

பதில்: மேலே! கட்டிலருகே குசுகுசுக்கவும் வேண்டாம்.