தரங்கம்பாடிக் கோட்டையின் பழைய படம்: வயதை அறிவது எப்படி?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையின் கறுப்புவெள்ளைச் சித்திரம் ஒன்று கிடைத்தது. கடலிலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறது. எந்தக் காலத்தது? சட்டம் போடலாமா?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றால் மதிலின் நிழல் விழும் பகுதியைப் பாருங்கள். புள்ளிகள் ஒரே சீராக அணிவகுத்து நின்றால் அது புகைப்பட முறையில் அச்சிட்ட பிரதி. பெரும்பாலும் 1880-களுக்குப் பிந்தைய ஏதோவொரு புத்தகத்தின் தாளாகவே இருக்கும். புள்ளிகள் இல்லாமல் கூரிய கோடுகளே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிழலை உண்டாக்கியிருந்து, சாய்வான வெளிச்சத்தில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் தெரிந்தால், அது உலோகத் தகட்டில் செதுக்கி எடுத்த அச்சு என்று கொள்ளலாம். அத்தகைய அச்சுகளில் படத்தின் அடியில் இடப்புறம் வரைந்தவர் பெயரும் வலப்புறம் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம்.

அடுத்தது கொடி. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்த உடன்படிக்கைக்குப் பின் டேனியர் கட்டிய இக்கோட்டை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. ஆகவே சிலுவை பொறித்த டேனியக் கொடி பறந்தால் காட்சி அதற்கு முந்தையது. ஆனால் அது காட்சியின் காலமே தவிர, தாளின் வயதல்ல. பழைய படங்களைப் பிற்காலத்தார் பலமுறை நகலெடுத்திருப்பதால், கொடியை மட்டும் பார்த்து விலை சொல்லும் வியாபாரியை நான் நம்பமாட்டேன்.

நகலா என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும் என்பதால், மூலத்தைத் திருப்பாமல் அப்படியே செதுக்கினால் ஊரே இடவலம் மாறிவிடும். மாசிலாமணிநாதர் கோயில் கரையோரமாகக் கோட்டைக்கு வடக்கே இருப்பதால், கடலிலிருந்து பார்ப்பவருக்கு அது கோட்டையின் வலப்பக்கம் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் இடப்பக்கம் இருந்தால், செதுக்கியவர் வேறொரு படத்தைப் பார்த்து நகலெடுத்தவர், ஊரை நேரில் கண்டிராதவர் என்றே ஊகிப்பேன்.

சட்டம் போடலாம்; அமிலமற்ற அட்டையைப் பின்னே வைத்து, கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், பிறகு அதைப் பிரிக்க முயன்றால் தாளே போய்விடும்.