அடித்துவிட்ட சரியான விடை

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறாள். தேர்வில் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது என்கிறாள். அரையாண்டில் 38 மதிப்பெண். விடைத்தாளைப் பார்த்தால், சரியாகப் போட்ட இருபடிச் சமன்பாட்டையே குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறாள். “எனக்குக் கணக்கு வராதும்மா, பதினொன்றில் கணக்கில்லாத பிரிவில் சேர்த்துவிடு” என்கிறாள். எனக்கும் அந்தக் காலத்தில் கணக்கு வராது. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: அம்மா, ஆண்டுக்கணக்காக விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கு வராத பிள்ளை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். உங்கள் மகள் போட்டுவிட்டு அடித்திருக்கிறாள். அவளுக்குக் கணக்கு வருகிறது. வந்ததை நம்பத்தான் வரவில்லை.

இதற்கு ‘தைரியமாக இரு’ என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. விடையைத் தானே சரிபார்க்கப் பழக்குங்கள். x² − 9x + 20 = 0 என்ற சமன்பாட்டுக்கு விடை 4, 5 என்று வருகிறதா? x இருக்கும் இடத்தில் நான்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும்: 16 − 36 + 20 = 0. முடிந்தது. இனி ஆசிரியர் முகத்தையோ பக்கத்துப் பெஞ்சையோ பார்க்க வேண்டியதில்லை. காரணிப்படுத்தினால் பெருக்கிப் பார்க்கலாம். வீட்டில் நீங்களும் “சரியா?” என்று கேட்காமல், “சரி என்று எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டிய அவசியமே இல்லை; அவள் சொல்வதைக் கேட்டால் போதும்.

மறந்துபோவதாக அவள் சொல்வது சாக்கு என்று நினைக்காதீர்கள். கணக்கின் நடுவே வரும் எண்களை மனத்தில் தாங்கிப் பிடிக்க நமக்கு இருக்கும் இடம் கொஞ்சம்தான். அங்கே பயம் வந்து உட்கார்ந்துகொண்டால் தெரிந்த சூத்திரமும் வெளியே நிற்கும். ஆகவே இடைப்படிகளை மனக்கணக்காகப் போடாமல் தாளில் எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்குச் சற்று முன்பு 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் கொட்டி எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததாக ராமிரெஸ், பைலாக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். செலவில்லாத வைத்தியம், செய்து பார்க்கட்டும்.

பொதுத்தேர்வில் கேள்வித்தாளை வாசிக்க 10 நிமிடம் கிடைக்கும். அதில் கடினமானதைத் தேடிப் பயப்படாமல், முதலில் போடப்போகும் கணக்குகளைத் தேர்ந்தெடுக்கட்டும். செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8, ஆக 16 மதிப்பெண். அளவுகோலும் காம்பஸும் கையில் இருக்கும்போது நடுக்கம் குறைவதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். இவளும் அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘எனக்கும் கணக்கு வராது’ என்று நீங்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள். பிள்ளைக்கு அது பரம்பரைச் சொத்துபோலக் கேட்கும். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் பிரிவை இப்போது முடிவு செய்ய வேண்டாம். வணிகவியல் பிடித்தால் தாராளமாக எடுக்கட்டும், அங்கும் கணக்குப்பதிவியலில் எண்கள் காத்திருக்கின்றன. பொதுத்தேர்வு முடியட்டும், விடைத்தாளில் எத்தனை கணக்கை அடித்தாய் என்று கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.