தங்கையின் நாமினி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கையும் அவளுடைய இணையரும் கோவையில் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இருவரும் பெண்கள். ஒரே பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டதா? தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செல்லுமே, அந்த முறையில் மாலை மாற்றிப் பதிவு செய்ய முடியாதா? இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி என்கிறார் அப்பா. சங்க இலக்கியத்திலிருந்து அவருக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா? மற்றபடி பிரச்சினை ஒன்றுமில்லை. ஃபிளாட் தங்கை பேரில் இருக்கிறது, தவணையில் பாதியை அந்தப் பெண் கட்டுகிறாள். வங்கி, எல்ஐசி, பி.எஃப். எல்லாவற்றிலும் ஒருவருக்கொருவர் நாமினி போட்டாயிற்று.

கே.

அன்புள்ள கே,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. தங்கைக்காக இவ்வளவு தூரம் யோசிக்கும் அண்ணன்கள் குறைவு. ஆனால் ‘மற்றபடி பிரச்சினை ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, மொத்தப் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

கேட்டதற்கு முதலில் பதில். சுயமரியாதைத் திருமணத்துக்கான 7ஏ பிரிவு, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம். அதில் புரோகிதர் வேண்டாம், தீ வலம் வேண்டாம். மாலை மாற்றினாலே போதும். ஆனால் ஒருவர் மற்றவரை மனைவியாகவோ கணவனாகவோ ஏற்பது என்றுதான் அதன் வாசகம் பேசுகிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது கேட்கிறது. இரண்டு பெண்கள் போய் நின்றால் பதிவாளர் திருப்பி அனுப்புவார். தூத்துக்குடிக் கோயிலில் 2018இல் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது உண்மை. அங்கே மணமகள் திருநங்கை, மணமகன் ஆண். திருநங்கையும் மணமகள்தான் என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் தங்கைக்கு அது உதவாது.

2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்ற பெயரில்லாமலாவது இந்த உறவை அரசு அங்கீகரிக்க வேண்டுமா என்பதில், தேவையில்லை என்று மூன்று பேரும் வேண்டும் என்று இரண்டு பேரும் பிரிந்தார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. இனி நாடாளுமன்றம்தான். அது எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சங்க இலக்கியச் சான்றெல்லாம் தேடித் தரப்போவதில்லை. சார்பதிவாளர் ஐங்குறுநூறு கேட்பதில்லை. அப்பாவின் வாதத்தை அப்பாவிடமே விட்டுவிடுங்கள்.

இப்போது நாமினிக்கு வருகிறேன். படித்தவர்கள், கணக்குத் தணிக்கை செய்பவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குபவர், அவ்வளவுதான். வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. பணம் யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுச் சட்டம் முடிவு செய்யும். காப்பீட்டுப் பணத்தில் 1984இலும் வங்கி வைப்புத்தொகையில் 2010இலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2015 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டில் நாமினியே பணத்துக்கு உரியவராகலாம், ஆனால் அந்தச் சலுகை பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும். இணையருக்கு இல்லை. பி.எஃப். இன்னும் மோசம். உங்கள் பெற்றோர் தங்கையைச் சார்ந்திருப்பவர்கள் என்றால் அவர்கள்தான் ‘குடும்பம்’. வெளியார் பெயரில் போட்ட நியமனமே செல்லாது. படிவத்தை இணையதளம் ஏற்றுக்கொண்டதே என்பீர்கள். அது ஏற்றுக்கொள்ளும். இறப்புக்குப் பிறகு உரிமை கோரும்போதுதான் நிராகரிப்பு வரும்.

இத்தகைய இணையர் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கவும் நாமினி போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் அறிவித்தபோது பலரும் கொண்டாடினார்கள். அதற்கு முன்பும் தடை இருந்ததில்லை. அந்த அறிவிப்பு நாமினியை வாரிசாக்கவும் இல்லை.

அப்படியானால் வாரிசு யார்? உயில் எழுதாமல் இறந்துபோகும் மணமாகாத இந்துப் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம், இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, தாய் தந்தைக்கு. அவர்கள் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகளுக்கு. அதாவது உங்களுக்கு, கே. வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கும். பாதித் தவணை கட்டியவள் பெயர் இருக்காது. நீங்கள் நல்லவர், எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்களா? பாதித் தவணை நான் கட்டினேன் என்று அவள் வழக்குப் போட்டால், பினாமிச் சட்டத்தின் 4ஆம் பிரிவை (இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்தை, பணம் கொடுத்தவர் கேட்டு வழக்குப் போட முடியாது என்பது) காட்டி எதிர்த்தரப்பு மறிக்கப் பார்க்கும். மனைவிக்கும் கணவனுக்கும் அந்தச் சட்டத்தில் உள்ள விலக்கு இவளுக்குக் கிடையாது.

பாதி ஃபிளாட்டை இப்போதே எழுதிவைத்தால் என்ன? குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுப்பது) என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாருக்கு 7 சதவீதம். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்குபவருக்கு வருமான வரியும் விழும். கடன் நிலுவையில் இருப்பதால் வங்கியின் சம்மதம் வேறு வேண்டும். பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதினாலும் உதவாது, எழுதியவர் இறந்த அன்றே பவரும் முடிந்துவிடும்.

ஆகவே உயில். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாள் தேவையில்லை. ஃபிளாட் எண், பத்திர எண், பிரிபடாத பாகம் (மனையில் ஃபிளாட்டுக்கு உள்ள பங்கு), நான்கு எல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ‘இதில் சொல்லாததும் இனி நான் சம்பாதிப்பதும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை வாங்கும் நகை மறுபடி 15ஆம் பிரிவுக்குப் போகும். பெற்றோருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் சொந்தங்களை விலக்கிய உயிலைத்தான் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும். பயன்பெறப்போகிறவள் வக்கீலிடம் பேசுவது, வாசகம் சொல்வது, கையெழுத்தின்போது பக்கத்தில் நிற்பது எதுவும் கூடாது.

உயில்கள் உடைவது பெரும்பாலும் சாட்சியில். இரண்டு சாட்சிகளும் உங்கள் தங்கை கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்து, அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவளே சொல்லக் கேட்டு, அவள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். உயிலை மடித்து எடுத்துப்போய்ச் சாயங்காலம் பக்கத்து வீட்டில் வாங்கிய கையெழுத்து, குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. பின்னாளில் ஒரு சாட்சியாவது கூண்டேற வேண்டும் என்பதால் எழுபது வயதுப் பெரியவரைப் பிடிக்காதீர்கள். தெரிந்த டாக்டர் ஒருவர் சாட்சியாக இருந்தால், புத்தி தெளிவாக இருந்ததா என்ற கேள்வியும் அடங்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். அந்தப் பெண்ணும் தன் பங்குக்குத் தனி உயில் எழுத வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவதிப்பட வேண்டாம்.

குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதை நானும் மகிழ்ச்சியோடு படித்தேன். அந்த வழக்கு, வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்பதற்காக. ஆளை அது காக்கும். ஃபிளாட்டை உயில்தான் காக்க வேண்டும்.

இரண்டு சாட்சிகளில் ஒருவர் டாக்டர் என்றேன். இன்னொருவர் நீங்கள். உயில் இல்லையென்றால் பெற்றோருக்குப் பின் சொத்து யாருக்கு வருமோ, அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கும்போது, சந்தேகம் கிளப்ப வருகிறவருக்கு வேலை கடினம். அடுத்த முறை கோவைக்குப் போகும்போது ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.