ஐம்பதை இரட்டித்தால் நூறு வருமா?

கேள்வி: என் பையனுக்கு 12 வயது. 25 மீட்டர் குளத்தில் நீச்சல் பழகுகிறான். ஃப்ரீஸ்டைலில் 50 மீட்டரை 35 விநாடியில் முடிக்கிறான். அப்படியானால் 100 மீட்டர் 70 விநாடிதானே வரவேண்டும்? 82 ஆகிறது. கோச் கொடுத்த சீட்டில் முதல் பாதி 36, அடுத்த பாதி 46 என்று இருக்கிறது. கேட்டால், "பாதிக்கு மேல தண்ணி கனமாயிடுது நைனா" என்கிறான். சோம்பேறித்தனமா, இல்லை 100 மீட்டர் இவனுக்கு ஒத்துவராதா?
- வாசகர், காட்பாடி

பதில்: சோம்பேறித்தனம் இல்லை ஐயா, அந்த வார்த்தையை அவன் காதில் போட்டுவிடாதீர்கள். 50-ஐ இரட்டித்தால் 100 யாருக்குமே வராது. சுவீடனின் சாரா ஷோஸ்ட்ரோம் 2017-ல் 100 மீட்டரை 51.71 விநாடியில் நீந்தினார், 2023-ல் 50 மீட்டரை 23.61-ல் நீந்தினார், நீந்திய அன்றைக்கு இரண்டுமே உலக சாதனை. 23.61-ஐ இரட்டித்துப் பாருங்கள், 47.22. அவருக்கே நாலரை விநாடி உதைக்கிறது.

ஏன் என்றால், முதல் பாதிக்கு மட்டும்தான் மேடையிலிருந்து பாய்கிற வேகம் கிடைக்கும். ஆற்காடு பக்கம் பெரியப்பா கழனிக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன் நான். பம்புசெட் ரூம் மேலிருந்து குதித்தால் கை வீசுவதற்கு முன்பே பாதிக் கிணறு தாண்டியிருக்கும், திரும்பி வரும்போது கல் சுவரைக் காலால் உதைத்துக் கிளம்புவதுதான், அது குதித்த வேகத்துக்குக் கிட்டவே வராது. குளத்திலும் அதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 46.40 விநாடியில் தங்கம் வாங்கிய சீனாவின் பான் ஜான்லேவுக்கும் முதல் 50 மீட்டர் 22.28, அடுத்தது 24.12.

அவருக்கு இரண்டு பாதிக்கும் இடையே 1.84 விநாடிதான் வித்தியாசம், உங்கள் பையனுக்கு 10. பார்க்க வேண்டிய இடம் இதுதான். தனியாக 50 மீட்டர் நீந்தினாலே 35 ஆகிற பையன், 100-ல் முதல் பாதியை 36-ல் போயிருக்கிறான், அதாவது கையிருப்பை எல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டான். அப்புறம் கால் உதை ஓய்கிறது, இடுப்பு தாழ்கிறது, உடம்பு சாய்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணி கனமாகிறது என்று அவன் சொன்னது இதைத்தான், எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறான் பாருங்கள்! வேகம் அவனிடம் இருக்கிறது, அதைப் பங்கிடத்தான் இன்னும் பழகவில்லை, 12 வயதில் அது சகஜம். அடுத்த முறை முதல் பாதியை 38-ல் போகச் சொல்லி கோச்சிடம் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. போட்டி 50 மீட்டர் குளத்தில் நடந்தால் நேரம் கூடத்தான் செய்யும், அதற்குத் திட்டாதீர்கள். 25 மீட்டர் குளத்தில் 100 நீந்த மூன்று முறை சுவரை உதைக்கலாம், அங்கே ஒரே முறைதான். இரண்டு குளத்து நேரத்தையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கையில் பிடிக்கும் ஸ்டாப்வாட்ச் நேரத்தையும் போட்டியின் எலெக்ட்ரானிக் நேரத்தையும்கூடக் கலக்கவேண்டாம், விசில் கேட்டு விரல் அழுத்துவதற்குள்ளேயே கொஞ்சம் ஓடிவிடும்.

அடுத்த சீட்டு கைக்கு வந்ததும் இரண்டு பாதியையும் எழுதி அனுப்புங்கள். அந்த 46 எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.